பழக்கூடையை நகர்த்தவிடாத காரணம்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் பணிவான வணக்கங்கள். சம்பந்தி அம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. என் மகளுக்கு ஆசி. போன் பேசும்போதெல்லாம் "எழுதிட்டீங்களாப்பா, இன்னுமா எழுதல" என்று நச்சரிக்கிறாள், எழுதிவிட்டேன் என்று அவளிடம் தயவுசெய்து சொல்லவும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதவே கொஞ்ச நாளாக எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சம் விட்டுப்போயிற்று. நானும் நலம், என் மனைவியும் நலம், சமையலறையும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் நடந்துகொண்ட விதம் உங்களுக்கு விசித்திரமாகத்தான் பட்டிருக்கும். ஆசையாக ஒரு ஆரஞ்சு எடுக்கக் கை நீட்டிய மனிதரை, அதுவும் நாங்கள் பெண்ணைக் கொடுத்த வீட்டுப் பெரியவரை, மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவது என்ன மரியாதை? "அது புளிப்பு சம்பந்தி" என்றேன். நீங்கள் பெருந்தன்மையாக ஆப்பிளுக்குக் கையை மாற்றினீர்கள். "அதுவும் புளிப்பு" என்றேன். சரி, கூடையையே கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று நீங்கள் கூடையின் காதைப் பிடித்தபோது நான் அதன்மேல் ஏறக்குறைய விழுந்தேன். செய்தி கேட்க வேண்டும், ரேடியோவைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றீர்கள். நான் கொண்டுவராமல் உங்கள் எல்லோரையும் சமையலறைக்குள் வரிசையாக நிற்கவைத்துச் செய்தி கேட்கவைத்தேன். நீங்கள் முகம் சுளிக்காமல் நின்று கேட்டீர்கள். அந்தப் பெரிய மனசுக்கு நான் விளக்கம் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும், ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காரவும். கோப்பையை எங்கே வைப்பது என்பது பற்றிப் பின்னால் வருகிறேன்.

நான் சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. கறைப் பிரிவு. புத்தம்புதுத் துணியை எடுத்து அதில் டீ, எண்ணெய், மை, சேறு, பீட்ரூட் சாறு என்று முறைப்படி கறை படுத்திப் பக்கத்து அறைக்கு அனுப்ப வேண்டும்; அவர்கள் புதுப் புது சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் செய்தால் அடி விழும் காரியத்தை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு தலை நரைக்கும்வரை செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கேயாவது வெள்ளையாக ஒன்றைப் பார்த்தால், இது எதற்கு அசையும் என்று கை குறுகுறுக்கும்.

எங்கள் பழைய சமையல் மேடை சின்னச் சின்ன டைல்ஸ் பதித்தது. டைலுக்கும் டைலுக்கும் நடுவே இருந்த கோடுகளில் எங்கள் இல்லற வாழ்க்கை முழுவதும் கறுப்பாகப் படிந்து கிடந்தது. ஒரு நாள் என் மனைவி குக்கரைக் கொஞ்சம் வேகமாக இறக்கி வைத்ததில் (என்மேல் இருந்த கோபம் குக்கரில் இறங்கியது என்பது என் கட்சி, குக்கர் கனம் என்பது அவள் கட்சி) டைல்கள் பெயர்ந்து எகிறின. இனி ஒட்டுப் போட்டுப் பிரயோஜனமில்லை, புது மேடைதான் என்று முடிவாயிற்று. என்ன கல் வேண்டும் என்று அவளைக் கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாங்க. அடுப்புலேர்ந்து இறக்கினத அப்படியே வெக்கணும், கறுக்கக் கூடாது. துடைச்சா போகணும். ஒரு எலுமிச்சம்பழத்தப் பயப்படாம நறுக்கணும். அவ்வளவுதான்."

இதைக் கேட்டுக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் ஒரு கல்லை வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஆனால் கறைப் பிரிவுக்காரன் எப்படி சும்மா இருப்பான்? கடை கடையாக ஏறி இறங்கி உள்ளங்கை அகலத் துண்டுகளாகக் கேட்டு வாங்கினேன். கிரானைட், குவார்ட்ஸ், ஸ்டீல் தகடு, எண்ணெய் பூசிய மரம். ஒரு கடைக்காரர் பொறுமையிழந்து "சார், கல்லுதான வாங்கறீங்க? மாப்பிள்ளை பாக்கற மாதிரி விசாரிக்கறீங்களே" என்றார். சம்பந்தி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மகனைப் பற்றி நான் இதில் பாதிகூட விசாரிக்கவில்லை.

துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பிப் பரிசோதனையைத் தொடங்கினேன். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். "சமைக்க எடுத்து வெச்ச பீட்ரூட் எங்க?" என்பாள். "பரிசோதனைல இருக்கு" என்பேன். "மஞ்சத்தூள் டப்பா?" "அதுவும்தான்." மரம் தண்ணீரைக் குடித்துவிட்டு விளிம்பில் உப்பிக்கொண்டது. ஸ்டீல் தகட்டில் கறை நிற்கவில்லை, ஆனால் ஒரு கரண்டியை வைத்தால் தெருமுனைவரை கேட்டது, முகம் பார்க்க நினைத்தால் முகம் முழுக்கக் கீறல். குவார்ட்ஸ் எல்லாவற்றிலும் முதல் மார்க் வாங்கிக்கொண்டே வந்து, சூடான வாணலியை வைத்ததும் பழுப்பாக ஒரு வளையத்தைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டது. மிஞ்சியது கறுப்பில் சாம்பல் புள்ளி போட்ட கிரானைட். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, மழை விட்ட தார்ச்சாலை மாதிரி இருக்கும். எண்ணெய் ஊற்றினேன், துடைத்தால் போயிற்று. வாணலியை வைத்தேன், கண்டுகொள்ளவில்லை. எலுமிச்சைச் சாற்றில் ஊறவிட்டேன், அதற்கும் அசையவில்லை. உத்தியோக கௌரவம் இடிபட்டதில் எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது. இதுதான் கல் என்று கடைக்காரருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேனோ இல்லையோ, வாசலில் உங்கள் லாரி.

எங்கள் மேடை பெயர்ந்ததை மகள் சொல்லக் கேட்டு, நீங்கள் உங்கள் வீட்டு மேடைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெள்ளைப் பளிங்கை, ஒரு விளிம்பை உருட்டி மெருகு போட்டு, வைக்கோல் சுற்றி, குழந்தையைப் போல அனுப்பியிருந்தீர்கள். பின்னாலேயே உங்கள் போன். "சம்பந்தி, இனிமே ரெண்டு வீட்டுக்கும் ஒரே கல்லு. மறுபேச்சு கிடையாது" என்றீர்கள். உங்கள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் "ஆஹா" என்றேன். என் மனைவி பக்கத்தில் நின்று கையால் "சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லுங்க" என்று சைகை செய்துகொண்டிருந்தாள். போனை வைத்ததும் சொன்னாள், "நம்ம பொண்ணு அங்க இருக்காளேங்க. அவ்வளவு ஆசையா அனுப்பியிருக்காரு. நாம வேணாம்னு சொல்லி, அது அவளுக்கு ஒரு சங்கடமா ஆயிடக் கூடாது."

உள்ளதைச் சொல்கிறேன், எங்கள் மகளை நீங்கள் கண்ணுக்குக் கண்ணாகத்தான் வைத்திருக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவன் மூளை வேறு தினுசாக வேலை செய்கிறது. இங்கே நான் ஒரு வார்த்தை இடறிச் சொன்னால் அங்கே யாருக்காவது முகம் சுண்டிப்போய், அதை அவள் தினமும் பார்த்துக்கொண்டு டீ போட வேண்டியிருக்குமோ என்று தோன்றும். அதனால் கறுப்புக் கல்லை மறந்தோம். சுவரில் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கல்லைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை குறுகுறுத்தது.

இங்கேதான் தப்பு நடந்தது. மேடையில் இடது கோடியில் தொட்டி வரும். தொட்டிக்காகக் கல்லில் ஒரு பெரிய சதுரத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். எப்படியும் போகப்போகிற சதுரம்தானே, அதில் கொஞ்சம் சோதித்துப் பார்த்தால் இந்தக் கல்லோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நல்ல நினைப்புதான், இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை. வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, கல்லின் இடது கோடியில் எலுமிச்சை, மஞ்சள்தூள், பீட்ரூட், டீ, எண்ணெய் என்று ஒவ்வொன்றிலும் நனைத்த பஞ்சை வரிசையாக ஒட்டி, தொழிற்சாலை முறைப்படி ஊறவிட்டேன். எடுத்துப் பார்த்தால், ஐயோ சம்பந்தி, என் வாழ்நாளில் இவ்வளவு ஆர்வமாகக் கறையை வாங்கிக்கொண்ட பொருளை நான் பார்த்ததில்லை. எலுமிச்சை பட்ட இடம் மெருகு போய் வெளிறிவிட்டது. மஞ்சள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் கறுத்துப் படர்ந்தது. நல்லவேளை, தொட்டியோடு போய்விடும் என்று கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

கொத்தனார் வந்த அன்று நான் அவருக்குச் சிமெண்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் அவர் கல்லை மேடையில் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். அப்படியே சாய்த்துப் படுக்க வைத்ததில், நீங்கள் மெருகு போட்ட விளிம்பு சுவர்ப் பக்கம் போய்விட்டது. அது முன்னால் தெரிய வேண்டுமே! கல்லை அரைவட்டம் திருப்பியிருக்கிறார். இடது வலதாயிற்று, வலது இடதாயிற்று. திருப்பிய பிறகு இடது கோடியில் இருந்த பால் போன்ற சுத்தமான சதுரத்தை அளந்து வெட்டி எடுத்துக் கொல்லையில் சாய்த்துவிட்டார். நான் சிமெண்ட் மூட்டையோடு உள்ளே நுழைந்தபோது அடுப்புக்குப் பக்கத்தில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும் இடத்தில், என் பரிசோதனை வரிசையாக நின்றுகொண்டிருந்தது. கொத்தனார் கல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், "இந்தப் பொட்டெல்லாம் டிசைனா சார்? நல்லாருக்கு."

அவர் போனதும் சோடா உப்பு, சுண்ணாம்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் மெருகு போய் ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு வட்டம் கூடியது. என் வேலை கறையை ஏற்றுவது மட்டும்தான், எடுப்பது பக்கத்து அறைக்காரர்கள் வேலை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போனது போகட்டும், மீதியைக் காப்பாற்றுவோம் என்று அன்றிலிருந்து ஒரு வாழ்க்கை வாழ்ந்தோம் பாருங்கள். மேடைமேல் துண்டு, துண்டின்மேல் பேப்பர், பேப்பரின்மேல் பலகை. சூடான பாத்திரத்தை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கங்க வெக்கறது, சொல்லுங்க, கை சுடுது" என்று வீட்டைச் சுற்றி வருவாள். நான் டீக் கோப்பையோடு உள்ளே வந்தால் போலீஸ்காரர் மாதிரி கையைக் காட்டி நிறுத்துவாள். "நான் சமைக்கறேனா, ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்றேனா?" என்று ஒரு நாள் கேட்டாள், எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு நாள் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், தரையில் உட்கார்ந்து நறுக்கி, சாறு சிந்தாமல் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு தாங்கவில்லை. அவள் கேட்டது அது ஒன்றுதானே!

அந்த நேரம் பார்த்து, "கல்லப் பாக்க வர்றோம்" என்று உங்கள் போன். இருவரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எலுமிச்சை வட்டத்தின்மேல் பழக்கூடை. அது பின்னல் கூடை, பழம் குறைந்தால் இடுக்கு வழியாக அடி தெரியும். ஆரஞ்சும் ஆப்பிளும் புளித்த காரணம் அதுதான். மஞ்சளின்மேல் பூச்சாடி. பீட்ரூட்டின்மேல் ரொட்டி டப்பா. டீயும் எண்ணெயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் இரண்டுக்கும் சேர்த்து ரேடியோ. நீங்கள் உள்ளே வந்து, "என்னா வெள்ளை! எங்க வீட்டு மாதிரியே!" என்று மேடையைத் தடவிக்கொண்டே ரேடியோவரை வந்து நின்றீர்களே, அப்போது எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு நீங்கள் கூடத்தில் போய் உட்கார்ந்தீர்கள். சம்பந்தி அம்மா சமையலறையிலேயே இருந்தார். பேசிக்கொண்டே, "பூ வாடிப் போச்சே, தண்ணி மாத்தறேன்" என்று சாடியைச் சட்டென்று தூக்கிவிட்டார். நான் சமையலறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சம்பந்தி அம்மா அந்த மஞ்சள் வட்டத்தைக் குனிந்து பார்த்தார். ரொட்டி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். ரேடியோவை நகர்த்திப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"உங்க வீட்டுலயுமா? நீங்க பூச்சாடி வெச்சிருக்கீங்க, நான் மாவு டப்பா வெச்சிருக்கேன்."

"என்னம்மா சொல்றீங்க?" என்றாள் என் மனைவி.

"அந்தக் கல்லு மேல நான் கத்தியே வெக்கறதில்ல. காய் நறுக்கறதெல்லாம் வாஷிங் மெஷின் மேலதான். அவர் வர்ற சத்தம் கேட்டா பலகைய எடுத்து மறைச்சிடுவேன். எப்படிச் சொல்றது அவர்கிட்ட? எத்தனை கடை ஏறி இறங்கி, எனக்குன்னு தடவித் தடவிப் பார்த்து வாங்கிட்டு வந்தாரு. அதைப் பாக்கப் பாக்க அவருக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! காலைல பேப்பரக்கூட அந்த மேடைமேல விரிச்சு வெச்சுத்தான் படிப்பாரு. நான் எடுத்து மடிக்கப் போனா விடமாட்டாரு."

"நாங்களும் அவர் சந்தோஷத்துக்காகத்தான் போட்டோம்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த என் மகள் இரண்டு பேரையும் பார்த்து, மேடையையும் பார்த்து, என்னைப் பார்த்தாள். "அப்பா, இது உங்க வேலைதான?" என்றாள். பெற்ற மகளுக்குத் தெரியாதா? எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் யாருக்காகப் பயந்தேனோ அவளே சிரிக்கிறாள். உங்களிடம் சொல்லும் பொறுப்பைச் சம்பந்தி அம்மா என்னிடம் ஒப்படைத்தார். "நீங்க எழுதினா கோவிச்சுக்க மாட்டாரு. உங்க மேல அவருக்கு அவ்வளவு மரியாதை" என்றார். மணிக்கட்டைப் பிடித்த பிறகும் அந்த மரியாதை மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இந்த வாரமே கொத்தனாரை மறுபடி கூப்பிட்டு வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டுவிட்டோம். உங்கள் கல்லை வீணாக்கவில்லை. வாசலில் பெஞ்சாகப் பதித்திருக்கிறோம், கறைக் கோடியில் ஒரு பூந்தொட்டி. சாயங்காலம் அதில் உட்கார்ந்தால் அவ்வளவு குளிர்ச்சி. நீங்கள் அடுத்த முறை வரும்போது உங்களுக்குத்தான் முதல் இடம். கறுப்பு மேடையில் என் மனைவி முதல் காரியமாக ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கினாள். சாறு ஓடிப் போய்த் தேங்கி நின்றது. அவள் துடைக்கவில்லை, வேண்டுமென்றே அப்படியே விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி நடுவில் தொப்பென்று வைத்தாள். பிறகு ஒரே துடைப்பு. ஒன்றுமில்லை. "அப்பாடா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு எத்தனை பீட்ரூட் ஆயிற்று!

ஆகவே சம்பந்தி, என் தாழ்மையான வேண்டுகோள் இதுதான். சம்பந்தி அம்மாமேல் கோபப்பட வேண்டாம். மெதுவாக எழுந்து போய் மாவு டப்பாவைத் தூக்கிப் பாருங்கள், பிறகு வாஷிங் மெஷின்மேல் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் அன்பில் குறையில்லை, கல்லில்தான் குறை. நீங்கள் மட்டும் சரி என்றால் நானே வந்து கூட நின்று உங்களுக்கும் ஒரு கறுப்புக் கல் பார்த்துத் தருகிறேன். பரிசோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

பெரியவர்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எல்லா நலமும் கூடிவரட்டும். இரண்டு வீட்டு அடுப்பும் குறையில்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். முகவரி எழுதப் பேனாவைத் திறந்தேன், வாசலில் ஹாரன். அதே லாரி, அதே டிரைவர். "பெரியவர் அனுப்பினாரு சார். அவங்க வீட்டு மேடைய முழுசாப் பேத்துட்டாங்க. அன்னிக்குக் கார்ல திரும்பும்போது, சம்பந்தி ஏன் அந்தப் பழக்கூடையத் தொடவிடலன்னு பெரியவர் கேட்டாராம். 'அப்பாவுக்கு அந்தக் கல்லுன்னா உசுரு மாமா, மேல இருக்கறத யாரும் நகத்தக்கூடாது'ன்னு உங்க பொண்ணு சொல்லிச்சாம். பெரியவருக்குக் கண்ணே கலங்கிடுச்சாம். 'நாங்க கறுப்புக் கல்லு போட்டுக்கறோம், இது போய்ச் சேர வேண்டிய எடம் அதுதான்'னு ஏத்தி விட்டுட்டாரு" என்கிறார். வைக்கோலைப் பிரித்துப் பார்த்தேன். மாவு டப்பா வட்டம் ஒரு பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம், விரித்த பேப்பர் சரியாக மூடக்கூடிய இடத்தில், பெரிதாக ஒரு டீக் கறை. சம்பந்தி, அது உங்கள் கோப்பை. தொழில்முறையில் சொல்கிறேன், அது ஒரு நாள் கறை இல்லை.

டிரைவர் அவசரப்படுகிறார், இவர் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டும், வேறு தாள் எடுத்து எழுத நேரமில்லை. ஆகையால் மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கல் பத்திரமாக வந்து சேர்ந்தது. மிகவும் அழகாக இருக்கிறது. என் மனைவி கையில் பாதி எலுமிச்சம்பழத்தோடு வாசலில் நின்று, "இப்பயாவது வேணாம்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று சிரிக்கிறாள். எப்படிச் சொல்வேன், எங்கள் மகள் அங்கே இருக்கிறாளே! அந்தக் கல் எனக்கு உயிர்தான் சம்பந்தி. இறக்கச் சொல்லிவிட்டேன்.